கேமரா எழுதும் கோப்பைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் தொழில்நுட்பப் பக்கங்களில் வரும் கேமரா, கைப்பேசி மதிப்புரைகளைத் தவறாமல் படிப்பவன் நான். படத்தொகுப்பும் வண்ணச் சீரமைப்பும் என் தொழில் என்பதால், அந்த மதிப்புரைகளை நம்பி வாங்கப்பட்ட கருவிகளில் பதிவான காட்சிகள் பலவும் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன. 4கே, 8கே, சென்சார் அளவு, லென்ஸ், ஆட்டோஃபோகஸ், பேட்டரி என்று எல்லாவற்றையும் விரித்து எழுதும் இந்த மதிப்புரைகள், அந்தக் காட்சியைக் கேமரா எந்த வடிவில் கோப்பாக எழுதி வைக்கிறது என்ற இடத்துக்கு வந்ததும், "எம்பி4 வடிவில் பதிவாகும்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. எடுத்ததை எடுத்தபடியே பிறருக்கு அனுப்பப் போகிறவருக்கு அந்த வரி போதும். வெட்டித் தொகுத்து, நிறத்தையும் திருத்தப் போகிறவருக்கோ, அந்தக் கேமராவை வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய செய்தியே அந்த வரியில் விடுபட்டுப் போகிறது.

எம்பி4, எம்ஓவி, எம்எக்ஸ்எஃப் ஆகியவை வெறும் உறைகள். படமும் ஒலியும் டைம்கோடும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேரக் குறியீடு) ஒரே கோப்பில் சேர்ந்திருக்க உதவுவது மட்டுமே அவற்றின் வேலை. உள்ளே இருக்கும் படம் எந்தக் கோடெக்கால் (படத்தைச் சுருக்கி, பிறகு விரிக்கும் முறை) சுருக்கப்பட்டது, ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை பிட் ஒதுக்கப்பட்டது, நிறத் தகவலில் எவ்வளவு கழித்துக்கட்டப்பட்டது, வெளிச்சம் எந்த வளைவின்படி எண்ணாக மாற்றப்பட்டது என்பவற்றை உறையின் பெயர் சொல்வதில்லை. எம்ஓவி என்று முடியும் இரண்டு கோப்புகளில் ஒன்று மிகவும் சுருக்கப்பட்ட எச்.264 ஆகவும் மற்றது எடிட்டிங்குக்கென்றே ஆப்பிள் உருவாக்கிய ப்ரோரெஸ் ஆகவும் இருக்கலாம். பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் ஒன்றாக இருக்கும். வேலை செய்ய உட்கார்ந்தால் இரண்டும் இரண்டு உலகம்.

இந்தச் சங்கதிகளில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குத் திடமான கருத்து ஒன்று உண்டு. எடிட்டிங்கில் கோப்பு திணறாமல் ஓடுவது ஒரு வசதி. அந்த வசதியைப் படப்பிடிப்பு முடிந்த பிறகும் உண்டாக்கிக்கொள்ளலாம். பதிவின்போதே விடுபட்டுப் போன நிறத் தகவலை எந்த மென்பொருளாலும் பிறகு கொண்டுவர முடியாது. ஆகவே பதிவு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்துக்கே முதலிடம் தர வேண்டும். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தம் கணினியில் இழுபறியில்லாமல் ஓடுகிறதே என்று 8 பிட்டில் எடுத்து வந்துவிட்டு, வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு தெரிகிறதே, அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறார்கள்.

அந்தப் பட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 8 பிட் பதிவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகள். 10 பிட்டில் 1024. 12 பிட்டில் 4096. முடிந்த படத்தைத் திரையில் பார்ப்பதற்கு 8 பிட் பெரும்பாலும் போதுமானதுதான். நாம் அன்றாடம் இணையத்தில் பார்க்கும் காணொளிகளில் மிகப் பல 8 பிட்டே. சிக்கல் பார்ப்பதில் இல்லை, இழுப்பதில் இருக்கிறது. வண்ணச் சீரமைப்பு என்பதே அடிப்படையில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படிநிலைகளை விலக்கி வைக்கும் வேலை. நிழலைத் தூக்கினாலும் கான்ட்ராஸ்டைக் கூட்டினாலும், இடையில் இருக்க வேண்டிய படிகள் இல்லாத இடத்தில் இடைவெளி விழுகிறது. மாலை வானம், வெள்ளைச் சுவர், புகைமூட்டம் போன்ற சீரான பரப்புகளில் அந்த இடைவெளியே கோடாகத் தெரிகிறது. மேலே கொஞ்சம் கிரெய்ன் (ஃபிலிமில் தெரிவது போன்ற மணல் துகள் இரைச்சல்) தூவி அதை மறைப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். அது மறைப்பே தவிர மருந்தல்ல.

லாக் (மடக்கை) வளைவில் எடுக்கும்போது இந்தச் சிக்கல் பன்மடங்காகிறது. கோடாக் நிறுவனம் 1990களில் திரைப்பட நெகட்டிவ்வை ஸ்கேன் செய்வதற்காக உருவாக்கிய சினியான் முறையிலிருந்து கிளைத்தவையே சோனியின் எஸ்-லாக், கேனனின் சி-லாக், பானசோனிக்கின் வி-லாக், ஆரியின் லாக்-சி முதலியவை. மிக இருண்ட பகுதியையும் மிகப் பிரகாசமான பகுதியையும் ஒரே கோப்புக்குள் அடக்குவதற்காக இவை படத்தைச் சாம்பல் பூத்ததுபோல் தட்டையாக்கிப் பதிகின்றன. எஸ்-லாக்3 வளைவை எடுத்துக்கொண்டால், 10 பிட் கணக்கில் கறுப்பு 95ஆம் எண்ணிலும், நடுச் சாம்பல் 420ஆம் எண்ணிலும், வெள்ளை அட்டை 598ஆம் எண்ணிலும் விழுகின்றன. அதற்கு மேலுள்ள இடம் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் வெயிலுக்கும் விளக்குக்கும் மேகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. அதாவது, கறுப்புக்கும் வெள்ளைத் தாளுக்கும் இடையில் இருக்கும் முகம், உடை, சுவர் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 500 படிகள் கிடைக்கின்றன. இதே வளைவை 8 பிட்டில் பதிந்தால் அது நான்கில் ஒரு பங்காகி, 125ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. வழக்கமான ரெக். 709 (எச்டி திரைகளுக்கான தரநிலை) படத்தில் அதே பகுதி 8 பிட்டிலேயே 219 படிகளில் பரவியிருக்க வேண்டியது. இருக்கிற 125ஐ 219 ஆக இழுக்கும்போது கிழியாமல் என்ன செய்யும்?

சோனி 2015இல் வெளியிட்ட ஏ7எஸ் மார்க் 2 போன்ற கேமராக்கள் லாக் வசதியைக் கொடுத்துவிட்டு, உள்ளே 8 பிட்டில்தான் பதிந்தன. லாக் என்றாலே தொழில்முறை, லாக்கில் எடுக்காதவர் கற்றுக்குட்டி என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வேரூன்றியது. இன்னும் முழுதாகப் போகவில்லை. என் பரிந்துரை எளிமையானது. கேமரா 8 பிட் மட்டுமே பதியும் என்றால் லாக்கைத் தொடாதீர்கள். சாதாரணப் பிக்சர் ப்ரொஃபைலில் கான்ட்ராஸ்டையும் நிறச் செறிவையும் ஓரிரு படி குறைத்து, வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் கையால் பூட்டி, முகத்துக்குச் சரியான எக்ஸ்போஷர் வைத்து எடுத்துவந்தால், அதிலிருந்து எங்களால் கண்ணியமான ஒரு படத்தைக் கொண்டுவர முடியும். 10 பிட் இருந்தால், அதிலும் காட்சியில் வெயிலும் நிழலும் கடுமையாக மோதினால், லாக் தன் பெருமைக்குத் தக்க பலனைத் தருகிறது.

அடுத்து, 4:2:0, 4:2:2 என்ற எண்கள். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை உணரும் அளவுக்கு நிற வேறுபாட்டை நுணுக்கமாக உணர்வதில்லை என்பதால், ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தை முழுதாக எழுதிவிட்டு, நிறத்தை மட்டும் சில புள்ளிகளுக்குப் பொதுவாக எழுதும் சிக்கனம் இது. 4:2:2 எனில் பக்கத்துப் பக்கத்து இரண்டு புள்ளிகளுக்கு ஒரு நிறம். 4:2:0 எனில் நான்கு புள்ளிகள் கொண்ட சிறு சதுரத்துக்கே ஒரு நிறம். பார்வையாளருக்கு இது தெரியாது. பச்சைத் திரையை நீக்கும்போதும், முகத்தின் தோல் நிறத்தை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்தும்போதும்தான் தெரியவரும்: தலைமுடியின் ஓரம் ரம்பப் பல் போல் நெளிகிறது; தோல் நிறத்தைத் தொட்டால் அதன் ஓரத்திலுள்ள சட்டைக் காலரும் கூடவே வருகிறது. ஆனால், மதிப்புரைகள் பெரிதாகப் பேசும் 4கே தெளிவு இங்கே கைகொடுக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 4கே 4:2:0 காட்சியை எச்டி அளவுக்குக் குறைத்தால், நான்கு புள்ளிகள் ஒன்றாகிவிடுவதால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் என்ற முழுக் கணக்கு தானாகவே கிடைத்துவிடுகிறது. எச்டியில் முடியப் போகிற வேலைக்கு 4கேயில் எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலை வந்தால், 8 பிட் 4:2:2ஐ விட 10 பிட் 4:2:0ஐயே நான் கேட்டு வாங்குவேன். பச்சைத் திரை வேலை மட்டும் விலக்கு.

இனி, எடிட்டிங் மேசையில் கோப்பு ஏன் திணறுகிறது என்ற கேள்வி. 2003இல் தரநிலையான எச்.264, 2013இல் வந்த எச்.265 ஆகிய இரண்டும் குறைந்த இடத்தில் நல்ல படத்தைத் தருவதற்காக, பெரும்பாலும் லாங்-ஜிஓபி என்ற முறையில் பயன்படுத்தப்படுகின்றன. இது, கணக்குப் புத்தகத்தில் மாதத் தொடக்க இருப்பை மட்டும் முழுதாக எழுதிவிட்டு, பிறகு அன்றன்றைய வரவு செலவை மட்டும் எழுதிக்கொண்டு போவதைப் போன்றது. இருபதாம் தேதி கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால், ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். வரிசையாக முன்னோக்கி ஓடவிட்டுப் பார்க்கையில் இதனால் தொல்லை இல்லை. படத்தொகுப்பாளரோ முன்னும் பின்னும் உருட்டுகிறார், நடுவில் வெட்டுகிறார், நான்கு கேமராக் காட்சிகளை அருகருகே ஓடவிடுகிறார். ஒவ்வொரு முறையும் கணினி பின்னால் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறது. ஆல்-இன்ட்ரா முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் தனக்குத் தானே முழுமையானது என்பதால் இந்தச் சுமை இல்லை.

ஆனால் இதிலிருந்து, ஆல்-இன்ட்ரா என்றால் படத் தரமும் உயர்வு என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. ஒருவர் அசையாமல் அமர்ந்து பேசும் காட்சியில், நொடிக்கு 100 மெகாபிட் லாங்-ஜிஓபியையும் 400 மெகாபிட் ஆல்-இன்ட்ராவையும் அருகருகே வைத்தால் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். இரண்டும் 10 பிட் என்றால் வண்ணச் சீரமைப்பிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். காற்றில் அலையும் இலைகள், நீர்ப்பரப்பு, கொட்டும் மழை, வேகமாகத் திரும்பும் கேமரா என்று ஃபிரேமுக்கு ஃபிரேம் எல்லாமே மாறும் இடங்களில்தான் லாங்-ஜிஓபி மூச்சுவாங்கும். அத்தகைய காட்சிகளுக்கு ஆல்-இன்ட்ராவை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குச் சிறிய கோப்பையே பயன்படுத்துவது தவறே அல்ல.

திணறலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கேமரா மதிப்புரை எழுதுபவர்கள் கவனிப்பதே இல்லை. எச்.265ஐக் கணினி பெரும்பாலும் தன் செயலியின் பொதுப் பலத்தால் அன்றி, அதற்கென்றே உள்ள தனிச் சில்லுப் பகுதியால் விரித்துக் காட்டுகிறது. அந்தப் பகுதி 10 பிட் 4:2:0ஐ ஏற்கும், 10 பிட் 4:2:2ஐ ஏற்காது என்ற நிலை பல கணினிகளில் உண்டு. ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளும் இன்டெலின் அண்மைத் தலைமுறைகளும் இதை ஏற்கின்றன. என்விடியாவின் விளையாட்டுக் கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கோ 2025இல் வந்த 50 வரிசையில்தான் இந்தத் திறன் வாய்த்தது. விலையுயர்ந்த கணினியிலும் புதிய கேமராவின் கோப்பு முடங்கி நிற்பதைப் பார்த்து, கேமராவையோ மென்பொருளையோ திட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான்.

பொருத்தம் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது என்பதால்தான் ஓட்டத்தை இரண்டாம் இடத்தில் வைக்கச் சொல்கிறேன். மூலக் கோப்புகளிலிருந்து சிறிய ப்ராக்ஸிகளை (மூலத்துக்குப் பதிலாக வைத்துத் தொகுப்பதற்கான இலகுவான நகல்கள்) உருவாக்கி, அவற்றைக் கொண்டு தொகுத்து முடித்து, வண்ணச் சீரமைப்புக்கு மூலத்துக்குத் திரும்பினால் போதும். கோப்புப் பெயர், டைம்கோடு, ஃபிரேம் வேகம், ஒலித் தடங்களின் எண்ணிக்கை ஆகியவை இரண்டிலும் ஒன்றாக இருந்தால் இணைப்பில் குழப்பம் வராது. மூலத்தையே ப்ரோரெஸ்ஸாக மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஓட்டத்துக்கு அது நல்லது. ஆனால் 8 பிட் கோப்பை 10 பிட் ப்ரோரெஸ்ஸாக மாற்றினால் நிறம் கூடிவிடும் என்று நம்பி அதைச் செய்பவர்களுக்குக் கிடைப்பது, பெரிய கோப்புக்குள் அதே 256 படிகள்தான்.

கேமராவிலேயே ப்ரோரெஸ் பதிய முடிந்தால் இந்த இடைவேலை எதுவும் வேண்டாம். 2007இல் ஆப்பிள் அறிமுகம் செய்த இந்த கோடெக்கும், அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ் வகைகளும் எடிட்டிங்கை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டவை. விலை, சேமிப்பிடத்தில் கொடுக்க வேண்டும். 3840க்கு 2160 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில், ப்ரோரெஸ் 422 எச்க்யூ ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 330 ஜிபி கேட்கிறது. சாதாரண 422 ஏறத்தாழ 220. அதைவிடச் சிறிய எல்டி வகை ஏறத்தாழ 155. நொடிக்கு 100 மெகாபிட் எச்.265 கோப்புக்கு அதே ஒரு மணி நேரத்தில் 45 ஜிபி போதும். பிரதி ஒன்று எடுத்து வைக்காமல் யாரும் வேலை செய்யக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். எச்க்யூ என்ற பெயரின் கவர்ச்சிக்காக அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகுதி. அதற்கும் சாதாரண 422க்கும் உள்ள வேறுபாட்டை, கடுமையான விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) வேலை இல்லாத படங்களில் நான் கண்டதே இல்லை என்று சொல்லலாம். நீண்ட நேர்காணல்களுக்கு எல்டி தாராளமாகப் போதும். ஏனோ அதை யாரும் மதிப்பதில்லை.

ராவைப் பற்றியும் சிறிது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி அமைப்புதான் இன்றைய சென்சார்கள் பெரும்பாலானவற்றிலும் இருக்கிறது. அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. அந்த அளவுகளை முழுப் படமாக மாற்றும் வேலையைக் கேமராவிடம் விடாமல் நம்மிடம் கொடுப்பது ரா. வொயிட் பேலன்ஸையும் ஐஎஸ்ஓவையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது மெய். வெளிச்சம் மிகுந்து சென்சாரே நிரம்பி வழிந்த இடத்தை ராவாலும் மீட்க முடியாது என்பதும் மெய். இந்த இரண்டாவதைப் பலர் காதில் வாங்கிக்கொள்வதில்லை. கேமரா தானாகச் செய்துவந்த இரைச்சல் நீக்கம், கூர்மையாக்கல் போன்றவையும் நம் தலையில் வந்து விழுகின்றன. எந்த மென்பொருளில் திறக்கும் என்பதை முன்பே பார்த்துக்கொள்ளவும் வேண்டும்: 2018இல் வந்த ப்ரோரெஸ் ராவை, வண்ணச் சீரமைப்புக்கென்றே பெயர்பெற்ற டேவின்சி ரிசால்வ் பல ஆண்டுகள் ஏற்கவே இல்லை, அதே ஆண்டில் வந்த பிளாக்மேஜிக் ராவோ அதில் இலகுவாக ஓடியது. ஒளி அடிக்கடி மாறும் இடங்களில் எடுப்பவருக்கும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரம் ஒதுக்கக்கூடிய படத்துக்கும் ரா தகும். இன்று எடுத்து நாளை கொடுக்க வேண்டிய வேலைக்கு அது வீண் சுமை.

கைப்பேசிகளையும் விட்டுவிட முடியாது. 2023இல் ஐஃபோன் 15 ப்ரோ, லாக் வளைவில் ப்ரோரெஸ் பதியத் தொடங்கிய பிறகு அவற்றை விளையாட்டுக் கருவியாகப் பேசுவதில் பொருளில்லை. ஆனால் கைப்பேசியின் வழக்கமான கேமராச் செயலிகள் பல, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கின்றன. தனியாகப் பதிந்த ஒலியோடு அதைச் சேர்த்தால், தொடக்கத்தில் பொருந்திய உதட்டசைவு போகப் போக விலகிப்போகிறது. எடுக்கும்போதே ஃபிரேம் வேகத்தைப் பூட்டும் செயலியைப் பயன்படுத்துவதே இதற்கு நல்ல தீர்வு.

கடைசியாக, தங்களிடம் ஒரு கோரிக்கை. மதிப்புரைகளில் "10 பிட் 4:2:2 வசதி உண்டு" என்று எழுதினாலும் போதாது. எந்தத் தெளிவில், எந்த ஃபிரேம் வேகத்தில் உண்டு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 2017இல் வந்த பானசோனிக் ஜிஎச்5, 4கேயில் நொடிக்கு 30 ஃபிரேம் வரை 10 பிட் 4:2:2ஐ உள்ளேயே பதிந்தது. 60 ஃபிரேமுக்குப் போனதும் உள் பதிவு 8 பிட் 4:2:0 ஆகச் சுருங்கியது. விளம்பரத்தில் இரண்டு எண்களும் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்பது கையேட்டின் அட்டவணையில்தான் இருக்கும். அந்த அட்டவணையை மதிப்புரையோடு அச்சிட்டாலே வாசகருக்குப் பெரிய உதவி. கூடவே, அந்தக் கோப்பு என்ன வேகத்தில் எழுதப்படுகிறது, அதற்கு எந்த மெமரி கார்டு தாங்கும் என்பதையும் சொல்லலாம். நொடிக்கு 400 மெகாபிட் என்பது 50 மெகாபைட்தான். நொடிக்கு 60 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் வி60 கார்டு அதற்குப் போதும் என்பது தெரியாமல், வி90க்குத் தேவையின்றிச் செலவழிப்பவர்களும், வி30ஐப் போட்டுப் பதிவு பாதியில் நின்று தவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இடம் இருந்தால் ஒரு சோதனையும் செய்து வெளியிடலாம். சூரியன் மறைந்த பின் உள்ள வெறும் வானத்தையும், வேண்டுமென்றே இரண்டு ஸ்டாப் குறைத்து (வெளிச்சத்தை நான்கில் ஒரு பங்காக்கி) எடுத்த ஒரு முகத்தையும், கேமராவின் ஒவ்வொரு பதிவு முறையிலும் சில நொடிகள் எடுத்து, எடிட்டிங் மென்பொருளில் போட்டு, முகம் சரியான வெளிச்சத்துக்கு வரும்வரை தூக்கி, வானத்தின் கான்ட்ராஸ்டையும் கூட்டி, கிடைத்த ஃபிரேம்களை வரிசையாக அச்சிட்டால், எந்த முறை எதைத் தாங்குகிறது என்பதை வாசகர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
படத்தொகுப்பு, வண்ணச் சீரமைப்புக் கலைஞர் ஒருவர்